நாளையை ரத்து செய்த சுற்றறிக்கை

சான்றிதழ் அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி அறை ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. அறை என்பது ஆவணங்களில் உள்ள சொல். பழைய பதிவேடுகள் வைக்கும் இடத்துக்கும் ஆண்கள் கழிப்பறைக்கும் நடுவே இரண்டு இரும்பு அலமாரிகளை நிறுத்திப் பிரித்த இடம் அது. மேலே இருந்து ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி, பிரதி எடுத்து, எல்லா மேசைகளுக்கும் அனுப்புவது அவருடைய கடமை. பதினோரு வருஷமாக அந்தக் கடமையை ஒரு குறையும் இல்லாமல் ஆற்றிவந்தார். அந்தப் பதினோரு வருஷத்தில் அவருடைய தமிழாக்கத்தை ஒருத்தர்கூடப் படித்ததில்லை.

இது வெறும் சந்தேகம் இல்லை, சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தீயணைப்புக் கருவிகளைப் பராமரிப்பது பற்றிய சுற்றறிக்கை ஒன்றில், ஏழாவது பத்தியின் நட்டநடுவில், "இந்த வரியைப் படிப்பவர் என் அறைக்கு வந்தால் ஒரு காப்பி வாங்கித் தரப்படும்" என்று எழுதிவைத்தார். நாற்பத்திரண்டு பேர் படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்கள். காப்பிக்கு ஒருத்தரும் வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்துவிட்டு அவரே போய்க் குடித்துவிட்டு வந்தார்.

அதனால் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. யாரும் படிக்காத எழுத்தில் தப்பு வராது. அப்படியே நிம்மதியாக ஓய்வு பெற்றுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் அந்த வாரம் அவருக்கு வேறொரு கவலை இருந்தது.

அவருடைய மகளுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை பிடித்துப்போயிற்று, சம்பந்தி தங்கமான மனுஷர், எல்லாம் கூடி வந்துவிட்டது. பதிவாளர் கேட்டது ஒரே ஒரு காகிதம்: பெண் இதுவரை திருமணமாகாதவள் என்பதற்கான சான்றிதழ். அதைக் கொடுக்க வேண்டியது எந்த அலுவலகம் என்றால், அவர் வேலை பார்க்கும் இதே அலுவலகம்.

மகள் மனு கொடுத்து இரண்டு வாரம் ஆயிற்று. ஒன்பது தடவை வந்து ஜன்னலில் நின்றாள். கவுண்ட்டர் அக்கா என்று எல்லாரும் கூப்பிடும் அந்த அம்மாள் ஒன்பது தடவையும் முகம் சுளிக்காமல், அன்பாக, "நாளைக்கு வாம்மா" என்றாள். அப்பா இரண்டு அலமாரிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளேயே உட்கார்ந்திருக்கீங்க, ஒரு காகிதம் வாங்க முடியலையா உங்களால?" என்று மனைவி கேட்டாள்.

கேட்பது நியாயம்தானே என்று அவர் தலைமை எழுத்தரிடம் போனார். தலைமை எழுத்தர் முப்பது வருஷ அனுபவசாலி. விதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு இந்தப் பக்கமும் போகமாட்டார், அந்தப் பக்கமும் போகமாட்டார். பெரும்பாலும் எங்கேயுமே போகமாட்டார்.

"சார், என் பொண்ணு விஷயம் கொஞ்சம் பார்த்து..."

"உங்க பொண்ணுங்கறதாலதான் யோசிக்கிறேன். வெளியாளுக்கெல்லாம் நாளைக்கு வாங்கன்னு சொல்றோம். உங்களுக்கு மட்டும் இன்னிக்கே குடுத்தா சலுகைன்னு பேச்சு வரும். மத்தவங்களைவிட உங்களுக்கு ரெண்டு நாள் கூடவே ஆகணும். அதுதான் நேர்மை."

நேர்மைக்கு எதிராக என்ன பேச முடியும்? அவர் திரும்பி வந்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் திங்கட்கிழமை காலை அலுவலகத்தின் இயக்குநர், பயிற்சிக்குப் போயிருந்தவர், திரும்பி வந்து சேர்ந்தார். ஒரு கடற்கரை ஓட்டலில் பன்னிரண்டு நாள் நிர்வாகப் பயிற்சி. போகும்போது நம்மைப்போல ஒரு மனிதராகத்தான் போனார். வரும்போது ஒரு வெள்ளைப் பலகை, நாலு நிறத்தில் பேனா, வாய் நிறைய ஆங்கிலச் சொற்றொடர்கள் எல்லாம் கூட வந்தன. வாசலில் காவலாளி வணக்கம் வைத்ததற்கு, வந்த வேகத்திலேயே வேலையில் இறங்க வேண்டும் என்ற பொருளில், "ஹிட் த கிரவுண்ட் ரன்னிங்!" என்றார். காவலாளி தரையில் எதையாவது அடிக்கச் சொல்கிறாரோ என்று குனிந்து தேடினார்.

பதினோரு மணிக்கு இயக்குநர் தன் கையாலேயே ஒரு சுற்றறிக்கை எழுதி அனுப்பினார். மொத்தம் ஒரே ஒரு வரி. "வொர்க் லைக் தேர் இஸ் நோ டுமாரோ."

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒருவன் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாலும், கண்மண் தெரியாமல் ஓடினாலும், விழுந்து விழுந்து சிரித்தாலும், நாளை என்ற ஒன்று இல்லாத மாதிரி செய்கிறான் என்பார்கள். நாம் தலைதெறிக்க ஓடினான் என்கிறோம். யாருடைய தலையும் தெறித்ததில்லை. உயிரைக் கொடுத்து உழைத்தான் என்கிறோம். அவன் சாயங்காலம் உயிரோடு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறான். இதுவும் அந்த மாதிரிதான். மிதமிஞ்சிய வேகத்துக்கு ஒரு பேச்சு. மொழிபெயர்ப்பாளருக்கு இது நன்றாகத் தெரியும். கண நேரம் யோசித்துவிட்டு, "முழுமூச்சாக வேலை செய்யுங்கள்" என்று எழுதி அனுப்பினார். தனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நிமிஷத்தில் இயக்குநர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே தலைமை எழுத்தரும் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் இரண்டு காகிதங்கள்.

"இங்கிலீஷ்ல ஆறு வார்த்தை இருக்கு," என்றார் தலைமை எழுத்தர். "உங்க தமிழ்ல மூணுதான் இருக்கு. மீதி மூணு எங்க போச்சு?"

"சார், அர்த்தம் அதேதான் வருது."

"அர்த்தத்தை யார் கேட்டா? மேலேருந்து ஆறு வந்திருக்கு. கீழ மூணு போகுது. நடுவுல நீங்கதான் இருக்கீங்க."

இயக்குநர் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் "டுமாரோ" என்று எழுதினார். "டிரான்ஸ்லேட்டர், என் வாக்கியத்தோட உயிரே இதுதான். உங்க தமிழ்ல நாளை எங்கே?"

மொழிபெயர்ப்பாளர் திரும்பிப் போய், "நாளை என்ற ஒன்றே இல்லை என்பது போல் வேலை செய்யுங்கள்" என்று எழுதிக் கொண்டுவந்தார். இப்போது எட்டு வார்த்தை. தலைமை எழுத்தர் எண்ணிப் பார்த்து, கூடுதலாக இருப்பதில் தவறில்லை என்றார். ஆனால் இயக்குநர் பச்சைப் பேனாவை எடுத்தார்.

"இந்த 'போல்' எதுக்கு?"

"அதுதான் சார் முக்கியம். இல்லாத மாதிரின்னு..."

"உத்தரவுன்னா உறுதியா இருக்கணும். 'போல்', 'மாதிரி'ன்னு இழுத்தா நமக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும். தன்னம்பிக்கை பத்தி எனக்கு ஒரு முழு நாள் கிளாஸ் எடுத்தாங்க."

'போல்' என்பதை அடித்தார். அதற்குப்பின் வாக்கியம் நொண்டியது. அதைத் தலைமை எழுத்தர் தம் முப்பது வருஷ அனுபவத்தைக் கொண்டு நிமிர்த்திவைத்தார். மூன்று மணிக்கு அலுவலகச் சுவர்களில் கொட்டை எழுத்தில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கை இப்படி இருந்தது: "இந்த அலுவலகத்தில் நாளை என்பது இல்லை. பணியாளர்கள் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும்."

இவ்வளவு சின்னச் சுற்றறிக்கை இதுவரை வந்ததே கிடையாது. படிக்காமல் இருக்க யாராலும் முடியவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மொழிபெயர்ப்பாளரின் எழுத்தை நாற்பத்திரண்டு பேரும் படித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலைத் திறந்ததும் கவுண்ட்டர் அக்காவுக்குச் சோதனை வந்துவிட்டது. முதலில் நின்ற ஆளிடம், "நாளைக்..." என்று ஆரம்பித்தவள் சுவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசை காத்திருந்தது. இருபது வருஷமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகிய வாய். அதைப் பிடுங்கிக்கொண்டால் மனுஷி என்ன செய்வாள்? எழுந்து தலைமை எழுத்தரிடம் ஓடினாள்.

தலைமை எழுத்தர் சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்தார்.

"நாளைதானே இல்லை? நாளன்னிக்கு இல்லைன்னு எங்கேயும் போடலையே."

அந்தக் கணத்திலிருந்து அலுவலகம் புத்துணர்ச்சி பெற்றது. "நாளன்னிக்கு வாங்க, நாளன்னிக்கு வாங்க" என்று ஜன்னலில் குரல் கணீரென்று ஒலித்தது. பத்தாவது தடவையாக வந்து நின்ற மகளுக்கும் அதே பதில்தான். அவள் அலமாரியைச் சுற்றிக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, இதை நீங்களா எழுதினீங்க?"

"முழுசா நான் எழுதலைம்மா. கொஞ்சம் சேர்த்தாங்க, கொஞ்சம் எடுத்தாங்க."

"முன்னாடியாவது ஒரு நாள்தான் தள்ளிப்போட்டாங்க. இப்ப ரெண்டு நாள் ஆயிடுச்சு."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்டேப்ளரை எடுத்து, ஒன்றுமில்லாத காகிதத்தில் இரண்டு ஊசி அடித்தார்.

இயக்குநருக்கோ பெருமை தாங்கவில்லை. சுற்றறிக்கையைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியதில் பாராட்டு வந்துவிட்டது. "நாளை இல்லை" என்று எழுதிய வட்ட வில்லைகள் செய்து எல்லார் சட்டையிலும் குத்திவிட்டார்கள். அதே எழுத்தோடு காப்பிக் கோப்பைகள் வந்தன. மற்ற அலுவலகங்களிலும் இந்த மோகம் பற்றிக்கொண்டது. எதிர்த் தெரு அலுவலகம் ஒன்றில் இதைவிட ஒரு படி மேலே போய் நேற்றையும் நீக்கிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அங்கே பழைய மனுவைப் பற்றி யார் விசாரித்தாலும், "எந்த நேத்து?" என்று கேட்டார்களாம்.

சுற்றறிக்கையை எல்லாரும் அவரவர் அளவில் மதித்தார்கள். காவலாளி சாயங்காலம் கதவைப் பூட்டாமல் போனார். பூட்டுவதே நாளைக்குத் திறக்கத்தானே என்றார். பெருக்குகிற அம்மாள், இன்றைக்குப் பெருக்குவதே நாளைக்காகத்தானே என்று துடைப்பத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாள். சுவரில் தொங்கிய நாட்காட்டிகளில் இன்றைய தாளுக்கு அடியில் இருந்த மொத்தத் தாள்களும், என்றைக்காவது நாளை ஆகக்கூடியவை என்ற வகையில், விதிமீறலாக அமைந்திருந்தபடியால், தலைமை எழுத்தர் அவற்றைக் கிழித்துக் கட்டி, சீல் வைத்து, மொழிபெயர்ப்பாளரின் அறையில் அடுக்கச் சொன்னார்.

புதன்கிழமை மொழிபெயர்ப்பாளர் வெள்ளிக்கிழமைக்கு விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார். காகிதம் கிடைக்காவிட்டாலும் பெண்ணோடு போய்ப் பதிவாளரிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று எண்ணம். தலைமை எழுத்தர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"வெள்ளி... இன்னிலேருந்து நாளன்னிக்கு. அது இருக்கு. தாராளமா எடுத்துக்குங்க." கையெழுத்தும் போட்டார்.

வியாழக்கிழமை காலை அதே காகிதத்தை எடுத்துக்கொண்டு அவரே அலமாரிக்கு இந்தப் பக்கம் வந்தார். முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"உங்க லீவு ரத்து ஆயிடுச்சுங்க."

"நேத்துதானே சார் கையெழுத்துப் போட்டீங்க!"

"நேத்து வெள்ளிக்கிழமை நாளன்னிக்கா இருந்தது. இருந்ததால குடுத்தேன். ராத்திரி தூங்கி எழுந்து பார்த்தா அது நாளை ஆயிருக்கு. இல்லாத நாளைக்கு எப்படி லீவு தர முடியும்?"

"என் பொண்ணுக்குக் கல்யாணம் சார்!"

"அந்தத் தேதியை வச்சிருக்கக் கூடாது. நீங்களே மொழிபெயர்த்த உத்தரவு. உங்களுக்கே தெரியாதுன்னா யாருக்குத் தெரியும்?"

மொழிபெயர்ப்பாளர் நேராக இயக்குநர் அறைக்குள் போனார். பதினோரு வருஷத்தில் கூப்பிடாமல் அவர் உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

"சார், அது ஒரு பேச்சு வழக்கு. நாளை இல்லாத மாதிரின்னா ரொம்ப வேகமான்னு அர்த்தம். நிஜமாவே நாளையை எடுக்கச் சொல்லலை."

இயக்குநர் கோப்பையைக் கீழே வைத்தார். "அர்த்தம் எனக்குத் தெரியாதா, டிரான்ஸ்லேட்டர்?"

"அப்ப திருத்திடலாமே சார்?"

"மூணு நாளா பாராட்டு வந்துக்கிட்டிருக்கு. பாராட்டு வந்த விஷயத்தை எப்படித் திருத்தறது? தப்பா இருந்தா பாராட்டுவாங்களா?"

இயக்குநர் சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். எதிரே சீல் வைத்த நாட்காட்டித் தாள்கள் மார்பு உயரத்துக்கு நின்றன. ஜன்னல் பக்கம் "நாளன்னிக்கு வாங்க" என்ற குரல் கேட்டது. அவருக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு, எப்போதும் இல்லாத மாதிரி, கோபம் வந்தது. திருத்துவதற்குத்தானே அதிகாரம் இல்லை? விளக்குவதற்கு உண்டே! மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் இடத்தில் விளக்கக் குறிப்பு வெளியிடலாம் என்று அவருடைய நியமன ஆணையிலேயே இருந்தது. காகிதத்தை எடுத்தார். இந்தத் தடவை ஒரு வார்த்தைக்குக்கூட யோசிக்கவில்லை.

"மேற்படி சுற்றறிக்கைக்கான விளக்கக் குறிப்பு. நாளன்னிக்கு என்பது நாளையைக் கடந்தே வரத்தக்கது. நாளை இல்லாத நிலையில் நாளன்னிக்கு வருவதற்கு வழியில்லை. அதற்கு மறுநாளும் அவ்வாறே. ஆகவே, இனிமேல் வரும் நாட்கள் யாவும் இவ்வலுவலகத்தில் இல்லை என்று அறியவும்."

எண் போட்டு, முத்திரை குத்தி, நாற்பத்திரண்டு பிரதி எடுத்து அனுப்பினார்.

தலைமை எழுத்தர் அதைப் படித்த காட்சியைப் பிற்பாடு கவுண்ட்டர் அக்கா பலரிடம் சொல்லியிருக்கிறாள். முதலில் சிரித்தாராம். அப்புறம் விரல் விட்டாராம். நாளை, நாளன்னிக்கு, அதற்கு மறுநாள் என்று ஒவ்வொரு விரலாக மடக்கி, கடைசியில் வெறும் முஷ்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

"அப்படின்னா," என்றார் மெதுவாக, "இன்னிக்கு மட்டும்தான் பாக்கி."

அதைச் சொன்ன மாத்திரத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. எந்த மனுவையும் தள்ளிப்போட இடமே இல்லை என்றால் வேறு வழி என்ன? வேலை செய்துதான் ஆக வேண்டும். பழைய மனுக்களைத் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும் என்பதால், வரிசையில் நின்ற எல்லாரிடமும் புதிதாக எழுதி வாங்கச் சொல்லித் தலைமை எழுத்தர் உத்தரவிட்டார். எழுத்தர்கள் எழுதினார்கள். சரிபார்ப்பவர் சரிபார்த்தார். முத்திரைக்காரர் இரண்டு கையாலும் குத்தினார். ஒரு சான்றிதழ் கொடுக்க நாலு நிமிஷம் ஆனது. நாலே நிமிஷம்! அது அந்த அலுவலகத்தில் இருந்த யாருக்கும் அதுவரை தெரியாது.

"இதுக்கா இத்தனை வருஷம்...?" என்று கவுண்ட்டர் அக்கா ஆரம்பித்துவிட்டு, நல்லவேளை, முடிக்கவில்லை.

மகளுடைய சான்றிதழ் பதினொன்று இருபதுக்கு வந்துவிட்டது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அலமாரியைச் சுற்றி ஓடிவந்து அப்பாவிடம் காட்டினாள். அவர் அதை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தார். எழுத்து என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடுப்பு பற்றி மறுபடியும் கேட்டபோது தலைமை எழுத்தர் தெளிவாகவே சொன்னார். "லீவு தர முடியாது. ஆனா வெள்ளிக்கிழமைன்னு பதிவேட்டுல கட்டமே இல்லையே, நீங்க வரலைன்னு நான் எங்க போடறது? போயிட்டு வாங்க. பொண்ணுக்கு என் ஆசீர்வாதம்."

மத்தியானத்துக்குள் வரிசை காலி. ஆனால் ஜனங்கள் வீட்டுக்குப் போகவில்லை. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள்.

"வந்தேன், குடுத்துட்டாங்க. என்னமோ சரியில்லை," என்றார் ஒரு பெரியவர்.

"நான் பத்து நாள் அலையறதுக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு வந்தேன். மீதி ஒன்பது நாள் நான் என்ன பண்றது?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

ஒரு அம்மாள் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, முகர்ந்தும் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அவர் சிரித்திருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பதிவாளர் அலுவலகத்தில் மகளும் மாப்பிள்ளையும் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனைவி புதுப் புடவை. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் முதல் வரிசையில். பதிவாளர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்தச் சான்றிதழில் வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"மனு கொடுத்த தேதி நேத்து போட்டிருக்கு. சான்றிதழ் கொடுத்த தேதியும் நேத்து போட்டிருக்கு."

"ஆமா சார்," என்றார் மொழிபெயர்ப்பாளர் பெருமையாக.

"ரெண்டும் ஒரே நாள்."

"ஆமா சார்."

பதிவாளர் அதை விரல் நுனியால் தள்ளிவைத்தார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு காகிதத்தை நான் பார்த்ததில்லை. எங்கே அச்சடிச்சீங்க?"

"ஐயோ, ஒரிஜினல் சார்! நான் அந்த ஆபீஸ்லதான் வேலை பார்க்கிறேன்."

"ஓ," என்றார் பதிவாளர். "அங்கேயே வேலை பார்க்கறீங்களா?" அந்தச் சான்றிதழின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அவர் முகத்திலிருந்து போய்விட்டது. சம்பந்தி மெல்ல இருமினார். சம்பந்தியம்மா தன் கைப்பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அலையாம வாங்கின சான்றிதழை நான் ஏத்துக்க முடியாது. மத்தியானம் ரெண்டு மணிவரைக்கும் டைம் தரேன். சரியான காகிதமா கொண்டு வாங்க."

மொழிபெயர்ப்பாளர் மகளையும் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் தன் அலுவலகத்துக்குப் பறந்தார். தெருமுனையிலேயே இறங்கவேண்டி வந்தது. வரிசை அதுவரை நீண்டிருந்தது. நேற்றுச் சான்றிதழ் வாங்கிப்போன அத்தனை பேரும் திரும்பி வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஏற்கவில்லை, வங்கியில் ஏற்கவில்லை, வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஏற்கவில்லை. ஒருவருடைய அண்ணனே ஏற்கவில்லையாம். முகர்ந்து பார்த்த அம்மாள் எல்லாருக்கும் முன்னால் நின்று, நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே தலைமை எழுத்தர் ஓர் அரசரைப்போல உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாகத் தான் செய்யாமல் வைத்திருந்த வேலையின் மதிப்பு ஊருக்கு இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது என்ற நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

"தேதி மாத்தணும், அவ்வளவுதானே?" என்று மகளின் சான்றிதழை வாங்கிக்கொண்டார். "மூணு மாசத்துக்கு முன்னாடி மனு கொடுத்ததா போட்டுடறேன்."

"மூணு மாசத்துக்கு முன்னாடி நான் அவரைப் பார்த்ததே இல்லையே சார்," என்றாள் மகள்.

"அப்ப ரொம்ப நல்லதா போச்சு. கல்யாணம் ஆகலைங்கறது இன்னும் உறுதியாகுதுல்ல?"

வெளியே கூட்டம் இயக்குநரை முற்றுகையிட்டிருந்தது. "ஐயா, பழையபடி அலையவிடுங்க!" என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். இயக்குநர் படிக்கட்டில் ஏறி நின்று, பொதுமக்களின் ஏகோபித்த கோரிக்கைக்குத் தலைவணங்கி, இனி எந்தச் சான்றிதழும் நாற்பது நாட்களுக்கு முன்னதாக வழங்கப்படமாட்டாது என்று அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. மொழிபெயர்ப்பாளரும் தட்டினார். எல்லாரும் தட்டும்போது சும்மா நிற்க முடியவில்லை.

ஒன்று ஐம்பதுக்குப் பதிவாளர் முன்னால் மூச்சு வாங்க நின்றார்கள். பதிவாளர் புதிய தேதிகளைப் பார்த்தார். மூன்று மாதம். அவர் முகம் மலர்ந்தது.

"இது! இதுதான் ஒரிஜினல். எடுத்த எடுப்புலேயே இதைக் கொண்டு வந்திருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா?"

ஐந்து நிமிஷத்தில் கல்யாணம் முடிந்தது. கையெழுத்துப் போட்டார்கள், மாலை மாற்றிக்கொண்டார்கள், இரண்டு அம்மாக்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த வாரத்தில் அப்போதுதான் அவர் முதுகு நாற்காலியில் பட்டது.

பதிவாளர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மை இன்னும் காயவில்லை. "இந்தாங்க, திருமணச் சான்றிதழ். எங்க ஆபீஸ்லயும் வேகமா வேலை செய்யணும்னு நேத்து உத்தரவு வந்தாச்சு. கையோட வாங்கிட்டுப் போங்க."

யாரும் கை நீட்டவில்லை.

சம்பந்தி எட்டி அதைப் பார்த்தார். கல்யாணத் தேதி இன்று. சான்றிதழ் தேதியும் இன்று. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க... இது செல்லுமா?" என்றார்.

"அந்தச் சந்தேகமெல்லாம் மத்த ஆபீஸ் காகிதத்துக்கு. இது எங்க காகிதம்," என்றார் பதிவாளர், கொஞ்சம் புண்பட்டு.

மொழிபெயர்ப்பாளர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். எழுத்துப்பிழை இல்லை. முத்திரை நேராக இருந்தது. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் இரண்டு தேதியும் ஒரே நாளாக இருந்தது. அவர் எழுந்து நின்றார். தன் வாயிலிருந்து வருவது தன் குரல்தான் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

"சார், பெரிய மனசு பண்ணி இதை ஒரு ரெண்டு மாசம் நீங்களே வச்சிருந்து குடுங்களேன். நாங்க நடுவுல நாலஞ்சு தடவை வந்து கேட்டுட்டுப் போறோம்."

பதிவாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலையை அசைத்து, காகிதத்தை இழுப்பறையில் போட்டு, பூட்டி, சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சம்பந்தி நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

"இப்பத்தான் சம்பந்தி, கல்யாணம் நடந்த மாதிரியே இருக்கு."